கூண்டு பத்திரமாகத்தான் இருந்தது

ஒரு பொருள் வாங்குவதற்கு முன் நாலு பேரைக் கேட்பது நல்ல பழக்கம். நான் நாற்பது பேரைக் கேட்பேன். அப்படியும் சொதப்பிவிடுவேன் என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

திண்டுக்கல்லிலிருந்து வந்து, கடன் வாங்கி, பாரிவாக்கத்தில் வீடு கட்டிக் குடியேறிய புதிது. மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. (வீட்டில் யாரும் இதை நம்புவதில்லை.) நான் காலையில் கிளம்பினால் இருட்டித்தான் வருவேன். என் மனைவி மலருக்கு அந்தத் தெருவில் பேச்சுத்துணை பக்கத்து வீட்டு கஸ்தூரி ஒருத்திதான். எங்கள் மனையில் ஒரு காலத்தில் நெல் போட்ட குடும்பம் அவளுடையது. மலர் தனியாக இருப்பதைப் பார்த்து அவள்தான் நான்கு நாட்டுக்கோழிகளைக் கொடுத்தாள்.

நான்கில் செவலைக் கோழி மலரின் பின்னாலேயே திரியும். அவள் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தால் அது காலடியில் உட்காரும். என்னைக் கண்டால் மட்டும் எழுந்து போய்விடும்.

"பின்னாடி காலி மனைல கீரிப்புள்ள கீது மலரு. பட்டப்பகல்லயே வரும். கூண்டு வர்ற வரிக்கும் கூடைய கவுத்து மேல கல்ல வையி" என்று கஸ்தூரி எச்சரித்திருந்தாள்.

கூண்டுப் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். இரண்டு வாரம் ஆராய்ச்சி. இணையத்தில் விற்றதெல்லாம் பொம்மை வீடு மாதிரி இருந்ததால் நிராகரித்தேன். கடைசியில் குமணன்சாவடியில் ஒரு வெல்டிங் பட்டறையில் போய் நிபந்தனைகளை வாசித்தேன். எட்டடி நீளம், ஐந்தடி உயரம். விரல்கூட நுழையாத அரை இஞ்ச் வலை. எதுவும் மண்ணைத் தோண்டி உள்ளே வராதபடி அடியிலும் வலை. யாராவது சாத்த மறந்தாலும் கதவு தானாகச் சாத்திக்கொள்ள ஒரு ஸ்பிரிங், தானாக விழுந்து மாட்டிக்கொள்ளும் கொண்டி.

பட்டறைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கோயிக்கா சார், குடும்பத்துக்கா?"

"கோழிக்குத்தான்."

"உள்ளேர்ந்து தொறக்க ஒரு வயி வெச்சிரட்டா?"

"கோழி எதுக்குங்க கதவைத் திறக்கணும்?" என்று கேட்டுவிட்டு நானே சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குட்டியானை வண்டியில் கூண்டு வந்து இறங்கியது. மலர் காய்கறி வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "நான் வந்ததும் சேர்ந்து விடலாம். அதுவரைக்கும் கூடையைத் தூக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தூக்கினேன். அவள் திரும்பும்போது நான்கும் கூண்டுக்குள் இருக்க வேண்டும், அவள் முகம் மலர வேண்டும் என்று ஆசை.

கோழிகள் கூண்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கொய்யா மரத்தடியில் கிளற ஆரம்பித்தன. இரண்டு வாரம் உழைத்தவன் மனம் என்ன பாடுபடும்? உள்ளே ஏதோ வசதிக் குறைவு, அதனால்தான் போக மாட்டேன் என்கின்றன என்று முடிவுகட்டி, சோதித்துப் பார்க்க நானே குனிந்து உள்ளே போனேன். முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. கொண்டி விழுந்தது.

கொண்டியைத் தூக்க விரல் போதும். ஆனால் வலையில் விரல் நுழையவில்லை. கைப்பேசி துவைக்கும் கல்லின்மேல் இருந்தது. சரி, மலர் வரட்டும் என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். இடம் தாராளமாக இருந்தது.

அப்போதுதான் மதில் ஓட்டை வழியாகக் கீரி வந்தது.

"ஏய்" என்று கத்தினேன். நின்று என்னை ஒருமுறை பார்த்தது. என்னால் வெளியே வர முடியாது என்பது அதற்குப் புரிந்துவிட்டது. நேராகப் போய்ச் செவலையின் கழுத்தைப் பிடித்தது. வலையை உதைத்தேன், தோளால் இடித்தேன். பட்டறைக்காரர் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. கஸ்தூரி, கஸ்தூரி என்று தெருவே கேட்க அலறினேன்.

அவள் துடைப்பத்தோடு மதில் ஏறிக் குதித்தாள். கீரி கோழியைப் போட்டுவிட்டு ஓடியது. செவலை எழவில்லை. கஸ்தூரி மற்ற மூன்றையும் பிடித்துக் கூடையால் மூடி, கல்லை வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் என் பக்கம் வந்தாள்.

"நீ இன்னா சார் உள்ள குந்திகினு கீற?"

"இடம் போதுமான்னு பார்த்தேன்."

"போதுமா?"

கேட்டுக்கொண்டே கொண்டியைத் தூக்கிவிட்டாள்.

மலர் வந்தாள். பையில் கோழிகளுக்கென்று கம்பு வாங்கியிருந்தாள். செவலையைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள். "தூக்காதீங்கன்னு சொன்னேன்ல" என்றாள். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொய்யா மரத்தடியில் குழி தோண்டியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் வரை மலர் சாப்பிடவில்லை. கஸ்தூரி வந்து எதிரே உட்கார்ந்து, கூண்டுக்குள் நான் அலறியதை அப்படியே நடித்துக் காட்டினாள். மலர் அழுதுகொண்டே சிரித்தாள். அதன் பிறகு ஒரு வாய் சாப்பிட்டாள்.

அன்றிலிருந்து எந்த உறவினர் வந்தாலும் மலர் கூண்டைக் காட்டி, "எங்க வீட்டுக்காரரே உள்ள இருந்து பார்த்தது, ரொம்பப் பத்திரம்" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

தினமும் கோழி அடையும் நேரத்தில் கஸ்தூரி மதிலுக்கு மேல் தலையை நீட்டுவாள். "எல்லாம் உள்ள கீதா மலரு?"

"மூணும் உள்ள, அவரு வெளிய" என்பாள் மலர்.

'மூணும்' என்கிற இடத்தில் அவள் குரல் கொஞ்சம் இறங்கும். அந்த இடத்தில் மட்டும் எனக்கு இன்னும் சிரிப்பு வந்ததில்லை.