மசூர் தின்ற கடற்பாசி

கல்முனை

அன்பின் மச்சான் கலந்தர் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். டோஹா வெயிலில் உங்களுக்கும் என் தங்கைக்கும் ரஹ்மத் இறங்கட்டும். போனில் சொன்னால் பாதியிலேயே சிரிப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன். என் வீட்டில் தங்கிப் பல்கலைக்கழகம் போகும் உங்கள் மகள் றிபாவைப் பெருநாளைக்குள் கூட்டிப் போய்விடுங்கள்.

எனக்கு வரவேண்டிய பாடசாலை அதிபர் கதிரையில் உட்கார்ந்திருக்கும் அடுத்த வீட்டு மசூர், என் ஆடாதோடைக் கசாயத்தைக் கேலி செய்வது நீங்கள் அறிந்ததே. "உங்கட கசாயத்துக்கு இருமல் போறல்ல ஸேர், ஆள்தான் போறாரு" என்பார். மூலிகைச் சாறு கிருமியைக் கொல்லுமா என்று கெம்பசில் ஆராயப்போவதாக றிபா சொன்னதும், விஞ்ஞானமே எனக்குச் சாட்சி சொல்ல வருகிறது என்று நம்பி, என் வளவில் நிற்கும் ஆடாதோடை மரத்தை மொட்டையடிக்கக் கொடுத்தேன். முடிவு வந்தது. "மாமா, உங்கட சாறு கிருமிய ஒண்டும் செய்யல்ல. இலைக்குள்ள குடியிருக்கிற பங்கசு ஒண்டுதான் கிருமிக்கு நல்லா அடி குடுக்குது" என்றாள். தண்ணீர் ஊற்றியவன் நான். பெயர், வாடகை கொடுக்காமல் இலைக்குள் ஒளிந்திருந்த பூஞ்சணத்துக்கு. பாடசாலையில் நடந்ததேதான்.

சரி, என் மரத்துப் பூஞ்சணம் என் ஆள்தானே என்று மனதைத் தேற்றி, அதைக் காட்டவே மசூரை நோன்பு திறக்க அழைத்தேன். அந்தப் பங்கசை வளர்க்க, உருளைக்கிழங்கு அவித்த தண்ணீரில் சீனியும் கடற்பாசியும் காய்ச்சித் தட்டில் ஊற்றி, உறைய பிரிஜ்ஜில் வைத்திருக்கிறாள் உங்கள் மகள். நோன்பு மாதத்தில் பிரிஜ்ஜில் இருக்கும் கடற்பாசி இனிப்பை எந்த வீட்டில் சந்தேகிப்பார்கள்? என் மனைவி ஹப்ஸா அதை வில்லை வில்லையாக வெட்டி ஈச்சம்பழத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். மசூர் தட்டையே வழித்துவிட்டு, "இனிப்புக் கொஞ்சம் குறவு. ஆனா உங்கட ஊட்டுல நான் திண்டதுல இதுதான் திறம்" என்றார். அந்நேரம் உள்ளே வந்த றிபா, "அல்லாஹ்! மாமி, அது பங்கசுட சாப்பாடு!" என்று அலறினாள். மசூருக்குப் புரைக்கேறி இருமல் பிடித்தது. வந்த வாய்ப்பை விடாமல் என் கசாயத்தை நீட்டினேன். "அதக் குடிக்கிறதுக்கு, பங்கசுட சாப்பாட்டுலயே இன்னொரு துண்டு தாங்க" என்றார்.

இப்போது கடைகளில் கடற்பாசி முடிந்து ஆராய்ச்சியும் நின்று, பிள்ளை என்னோடு கதைப்பதில்லை. எனக்கு இது தேவையா மச்சான்?

நோன்புகள் கபூலாகட்டும். தங்கைக்கு ஸலாம்.

இப்படிக்கு,
சீனிமுகம்மது
(இன்னமும் விஞ்ஞான ஆசிரியர்)

பிற்குறிப்பு: கடிதத்தை ஒட்டும்போது றிபா சொல்கிறாள், மசூர் வீட்டில் கடற்பாசி இருக்கிறதாம், தருகிறாராம், அவர் வளவிலும் ஒரு ஆடாதோடை நிற்கிறதாம், அதையும் சோதிக்கச் சொன்னாராம். மேலே எழுதிய எதையும் வாசிக்காதீர்கள். பிள்ளை பட்டம் எடுக்கும்வரை இந்த வீட்டை விட்டு அசையாது. டோஹாவில் உள்ள கடற்பாசியை எல்லாம் வாங்கி உடனே அனுப்புங்கள்.