நாக்குக்கு எட்டாத கல்

கல்நக்கி என்றொரு மனித இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள், ஏதோ கோளாறு என்று நினைத்து ஒதுங்கிப் போயிருப்பீர்கள். ஒரு கோளாறும் இல்லை. அவர் நிலவியலாளர். தெருவில் கல்லைக் கண்டால் குனிவார், எடுப்பார், சட்டையில் துடைப்பார், நாலு பக்கமும் பார்த்துவிட்டு நுனிநாக்கால் ஒரு தொடு தொடுவார். யாரும் பார்க்கவில்லை என்று அவருக்கு நினைப்பு. இருபத்திரண்டு வருஷமாக மனைவி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

"களிமண் கல்லா இருந்தா நாக்குல ஒட்டும். இல்லைன்னா ஒட்டாது. இதுதான் விஞ்ஞானம்," என்பார்.

"நாய் கால் தூக்கின கல்லா இருந்தா?" என்பாள்.

விஞ்ஞானம் கல்லை இன்னொரு தரம் சட்டையில் துடைக்கும்.

இப்படிப்பட்டவருக்கு விண்வெளி ஆய்வு மையத்தில் என்ன வேலை கிடைத்தது தெரியுமா? செவ்வாய்க் கிரகத்துக் கற்களை ஆராய்வது! அங்கே ஒரு ஆறு சக்கர வண்டி ஊர்ந்து ஊர்ந்து படம் பிடித்து அனுப்பும். இவர் இங்கே உட்கார்ந்து கண்ணால் மட்டும் பார்க்க வேண்டும். மனுஷன் தவித்துப் போனார். படத்தில் கண்டது போன்ற கல் பூமியில் எங்கே கிடைத்தாலும் நக்கிப் பார்த்து, நம்பர் ஒட்டி, வீட்டுக்குத் தூக்கி வந்தார். செருப்பு அலமாரியில் கல், குளியலறை ஜன்னலில் கல். சமையலறைக் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக்கொடுத்தது நாற்பத்தேழாம் நம்பர். கல்நக்கி என்று பெயர் சூட்டியது மைத்துனன்.

போன வருஷம் வந்தது வினை. வண்டியின் துளைப்பான் தேய்ந்துபோய், இன்னும் ஒரே ஒரு துளைதான் போடலாம் என்ற நிலை. எதிரே இரண்டு கல். ஒன்று களிமண் படிந்து இறுகியது, அதாவது அங்கே ஒரு காலத்தில் தண்ணீர் நின்றதற்குச் சாட்சி. மற்றது வெறும் எரிமலைக் குழம்பு. தவறானதைத் துளைத்தால் பதினைந்து வருஷ உழைப்பு பாழ். எது எது? வீட்டுக் கணினியிலேயே கூட்டம். திரையில் பதினோரு முகங்கள்.

"வலது பக்கக் கல்லுன்னு முடிவு பண்ணிடலாமா? நீங்க என்ன சார் சொல்றீங்க?" என்றார் குழுத் தலைவி.

அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். திரையை இழுத்தார். குனிந்தார். இன்னும் குனிந்தார்.

"அப்பா, கேமரா ஓடுது!" என்று மகள் கத்துவதற்குள், இடது பக்கக் கல்லின்மேல் நாக்கு பட்டுவிட்டது.

பதினோரு முகமும் உறைந்தன. இணையத்தில் கோளாறு எதுவும் இல்லை.

"ருசி எப்படி சார்?" என்றார் தலைவி.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் காது சிவந்து தலை தொங்கியது. இத்தனை வருஷம் கேலி செய்த மனைவிக்கு அன்று மட்டும் சிரிப்பு வரவில்லை. விறுவிறுவென்று போய் நாற்பத்தேழை எடுத்தாள். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

"இந்தாங்க. தினமும் பெருக்கும்போது பார்க்கிறேன். படத்துல இடது பக்கக் கல்லுல இருக்கிற வெடிப்பு இதுலயும் அப்படியே இருக்கு."

அவருக்கு உயிர் வந்தது. கல்லைக் கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "குளம் வத்தினா விழுற வெடிப்பு இது. இந்தக் கல்லு நாக்குல ஒட்டும். இடது பக்கக் கல்லும் ஒட்டும். எழுதி வச்சுக்கோங்க!"

இடது பக்கக் கல்லைத் துளைத்தார்கள். களிமண்தான்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். பேருந்தில் முன்சீட்டுக்காரர் காலரின் தையலை எடைபோடும் தையற்காரரே, வந்த அழைப்பிதழில் எழுத்துப்பிழை திருத்தும் ஆசிரியரே, உங்களையெல்லாம் விட்டுவிடுகிறேன். மற்றவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: இந்தப் பக்கத்தைப் புரட்டுவதற்கு முன் விரலால் எதைத் தொட்டீர்கள்?

நாற்பத்தேழு இப்போது விண்வெளி ஆய்வு மையத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. வீட்டில் சமையலறைக் கதவு அடித்துக்கொண்டே இருக்கிறது.