குதிரைகளுக்கு நடுவே ஒரு பிறந்தநாள்

சிட்னித் தமிழர்கள் எல்லோரும் படவேண்டிய கவலையை ஒற்றை ஆளாகக் குத்தகைக்கு எடுத்துப் பட்டவர் ‘அந்தரம்’ அங்கிள். யாழ்ப்பாணத்தார் பேச்சில் அந்தரம் என்றால் பதற்றம். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அவர் மனைவிக்கே அது சட்டென்று ஞாபகம் வராது.

சிட்னியின் லிட்கம் பகுதியில் ஒரு டயர் கடையின் மாடியில் பழைய ஏ.எம். வானொலி நிலையம் இருந்தது. ஞாயிறு காலை ஒரு மணி நேரம் தமிழுக்கு. அங்கிள் அறிவிப்பாளர். சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த நான் பாட்டுப் போடுகிறவன்.

அந்த நிலையம் யார் கையிலும் தங்கியதில்லை. நான் சேர்ந்தபோது கிட்டாரும் தொப்பியுமாக வெள்ளைக்காரர்களின் கிராமத்துப் பாட்டு. அதை வாங்கியவர் முதியோருக்கான பழைய பாட்டாக மாற்றினார். அவரிடமிருந்து ஒரு திருச்சபை வாங்கி நாள் முழுக்கப் பிரசங்கம் வைத்தது. ஒவ்வொரு தடவையும் அங்கிளுக்குச் சோறு இறங்காது. “எங்களைத் தூக்கப் போறாங்கள் தம்பி” என்பார். திருச்சபைக் காலத்தில் திருநீற்றைக் காரிலேயே அழித்துவிட்டுத்தான் மாடியேறுவார். அவர் காரில் நெற்றியைத் தேய்ப்பதைப் பார்த்த பாதிரியார், பாவம் தலைவலி போலிருக்கிறது என்று தைலம் கொடுத்தார். அங்கிள் பயத்தில் அதையும் பூசிக்கொண்டார்.

நிகழ்ச்சியின் உயிரே பிறந்தநாள் வாழ்த்துதான். பிறந்தநாள் காணும் பிள்ளையை அம்மா, அப்பா, அம்மம்மாவில் தொடங்கி லண்டன் சித்தி, ரொறன்ரோ பெரியப்பா வரை அத்தனை பேரும் வாழ்த்தியாக வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்தச் சித்தி அப்புறம் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அந்தப் பயத்தில் அங்கிள் மூச்சு விடாமல் வாசிப்பார்.

கடைசியில் ஒரு குதிரைப் பந்தயக்காரர் நிலையத்தை வாங்கினார். இனி முழுநேரமும் பந்தய வர்ணனைதான். ஞாயிறன்று நேரில் வந்து கேட்டுவிட்டுத் தமிழை வைப்பதா எடுப்பதா என்று முடிவு செய்வாராம்.

“இது போச்செண்டால் வயசான அன்ரிமார் கிழமை முழுக்க ஆரின்ரை குரலைக் கேக்கிறது?” என்றார் அங்கிள். கண் கலங்கியிருந்தது.

நிகழ்ச்சி முடிந்தேபோனது என்று ஊரெல்லாம் பரவியதில் அந்த வாரம் ஒரு வாழ்த்தும் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புது முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாட்டு முடியப்போகிறது.

“தம்பி, உமக்குப் பிறந்தநாள் எப்ப?”

“ஜூலைல, அங்கிள்.”

“இல்லை. இண்டைக்கு.”

மைக் திறந்தது. சிட்னியில் எனக்கு ஒரு உறவும் கிடையாது. அங்கிள் தன் சொந்தக்காரர்கள் எல்லோரையும் எனக்குக் கொடுத்தார். லிட்கம் பெரியப்பா, பெரியம்மா, மெரிலேண்ட்ஸ் மாமா, மாமி, மச்சான்மார், ஹோம்புஷ் சின்னம்மா என்று பெயர்கள் பறந்தன. முதலாளி அசைய அசைய வேகம் கூடியது. அவர் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டார். சுருட்டிய பேப்பரால் தொடையில் தட்டத் தொடங்கினார். “வாழ்த்துகிறார்கள்” என்று அங்கிள் முடித்தபோது இருவருக்குமே மூச்சு வாங்கியது.

நான் அடுத்த பாட்டைப் போட்டதும் முதலாளி உள்ளே வந்தார். “யார் ஜெயித்தது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அங்கிள் விரலால் என்னைக் காட்டினார்.

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். இந்த வேகத்தில் சொல்லத் தன்னிடம் ஒருவனும் இல்லை, அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

படியிறங்கும்போது, “ஜூலைல என்ன பண்றது அங்கிள்?” என்றேன்.

“ஜூலையிலயும் சொல்லுவம். ஆனா அதுக்குள்ள இவன் வித்துப்போட்டானெண்டால்?”

அடுத்த ஞாயிறு, நான் பார்த்தேயிராத மெரிலேண்ட்ஸ் மாமா மாடிப்படியில் கேக்கோடு நின்றார்.

அங்கிள் இப்போது இல்லை. ஜூலையில் வீட்டில் கேக் வெட்டுகிறார்கள். நானும் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். ஆனால் நான் சிட்னியில் பிறந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.