தந்தானந்தர் எடுத்த புழு

அந்த வாரம் புதுச்சேரியை ஒட்டிய அரியாங்குப்பத்தில் பல் வலி இல்லாதவர்களுக்கு மரியாதை இல்லை. வலி இல்லாத சிலர் நாக்கால் பல்லைத் தடவித் தடவி, ஏதாவது ஒரு மூலையில் கொஞ்சமாவது வலிக்காதா என்று ஏங்கினார்கள். காரணம், மெயின் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் ஸ்ரீலஸ்ரீ தந்தானந்தர் வந்து இறங்கியிருந்தார்.

தந்தம் யானைக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தவர்களுக்கு, வடமொழியில் மனிதப் பல்லுக்கும் அதுதான் பெயர் என்று வாசலில் இருந்த பேனர் பாடம் நடத்தியது. கத்தி கிடையாது, ஊசி கிடையாது. பல்லுக்குள் குடியிருக்கும் புழுவை மூலிகைப் புகை போட்டு, மந்திரம் சொல்லி வெளியே வரவழைப்பார். இதோடு நிறுத்தியிருந்தால் அவர் சாதாரண சாமியார். இவரோ காலம் தெரிந்தவர். 'தந்த ரட்சை' என்று ஒரு காப்புத் திட்டமே நடத்தினார். காணிக்கை கொடுத்து மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டால் ஈறு, வேர், சொத்தை எல்லாவற்றுக்கும் ஓராண்டு காலம் அவர் பொறுப்பு. விழுந்த பல் மறுபடி முளைக்குமா என்று கேட்டால், அது பட்டுக்கயிறு திட்டத்தில் வரும் என்றார்கள் சீடர்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று. டாக்டர் கை வாயில் பட்டால் காப்பு காலாவதி.

எவ்வளவு நேர்த்தியான நிபந்தனை. வலி தீராதவன் டாக்டரிடம் போவான். போனவனுக்குக் காப்பு கிடையாது. ஆக, காப்பு தோற்றதாக ஒருவர்கூடப் புகார் சொல்ல வழியில்லை.

நோணாங்குப்பத்துப் படகுக்காரர்கள் வந்தார்கள். டவுனிலிருந்து காரில் வந்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர் பட்டுக்கயிறு கட்டிக்கொண்டு, "மெர்சி சாமி" என்று காலில் விழுந்தார். பாரிஸ் வரை போய் வந்தவர். போய் வந்தது உடம்பு மட்டும்தான் போலிருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் குருசுக்குப்பத்துத் தில்லையம்மாளும் இருந்தாள். தெருத் தெருவாக மீன் விற்கிறவள். அவள் கூப்பிட்டால் மாடியில் இருக்கும் பூனையும் இறங்கி வரும். அந்தக் குரல் இப்போது அடங்கிப்போயிருந்தது. மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லில் சீழ் கோத்து, கன்னம் வீங்கி, கண்ணுக்குக் கீழே வரை ஏறியிருந்தது.

அவளுக்கு வழியில்லை என்று சொல்ல முடியாது. சென்னையில் வேலை பார்க்கும் மகன் ஆகாஷ், கம்பெனிக் காப்பீட்டில் அம்மாவையும் சேர்த்திருந்தான். ஈறு சிகிச்சை, வேர் சிகிச்சை, வாயில் செய்யும் அறுவை, பல்செட் வரை அதில் அடக்கம். தில்லையம்மாள் போனில் கேட்டது ஒன்றுதான்: அந்தக் கார்டு சாமியாரிடம் செல்லுமா? ஆகாஷ் சொன்ன பதில் அச்சில் ஏற்றத்தக்கதல்ல.

அவளுடைய பயம் வேறு. மேல்பல்லைப் பிடுங்கினால் கண் நரம்பு அறுந்து பார்வை போய்விடும் என்று ஊரில் சொல்லக் கேட்டிருக்கிறாள். அதைத் தந்தானந்தர் ஒலிபெருக்கியில் சொல்லி உறுதியும் செய்துவிட்டார். ஆகவே மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, அவரிடமே புகை போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் புழு வந்தது. வீக்கம்தான் போகவில்லை.

காந்தி வீதியில் துணிக்கடை வைத்திருக்கும் மஹ்பூபா அவளுடைய நெடுநாள் வாடிக்கைக்காரர். மஹ்பூபாவின் சிரிப்பு அந்த வீதியில் பிரசித்தம். வரிசை பிசகாத வெள்ளைப் பல். புடவை எடுக்க வருகிறவர்கள் அந்தச் சிரிப்புக்கே இரண்டு புடவை கூடுதலாக எடுப்பார்கள். தில்லையம்மாள் கூடையை இறக்கியதும் அந்த முகத்தைப் பார்த்த மஹ்பூபா மீன் வாங்குவதை மறந்தார். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னார். காப்பீடு இருக்கும்போது எதற்கு இந்தக் கயிறு என்று கோபித்தார்.

"அக்கா, உங்களுக்கு முத்து மாதிரி பல்லு. நோவு இன்னான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் தில்லையம்மாள்.

அந்த முத்தில் ஒன்றுகூட மஹ்பூபாவின் வாயில் முளைத்ததல்ல. ஈறு நோய் முற்றி, மகள் வீட்டுக்குச் சென்னை போயிருந்தபோது எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டுப் பல்செட் கட்டிக்கொண்டு திரும்பியவர். செலவை மருமகன் கம்பெனியின் காப்பீடு ஏற்றது. புதுச்சேரியில் இது அவர் கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால் கடைக்கு வருகிறவர்கள் புடவையை விட்டுவிட்டுத் தன் வாயைத்தான் பார்ப்பார்கள் என்ற கூச்சம்.

இப்போது தில்லையம்மாளிடம் மட்டும் காதோடு சொல்லியிருக்கலாம். சொன்னால், உங்கள் விதி வேறு, சாமியார் சக்தி வேறு என்று அவள் திரும்பப் புகை போடப் போயிருப்பாள். மஹ்பூபா கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு எழுந்தார்.

"வா, நானும் வரேன். என் பல்லுல புழு இருக்குதான்னு உங்க சாமி பாக்கட்டும்."

மண்டபத்து மேடையில் தண்ணீர் நிரம்பிய தாம்பாளம். நடுவில் பழுக்கக் காய்ந்த இரும்புத் துண்டு. அதன்மேல் நெய்யில் நனைத்த மூலிகை விதையைப் போட்டு, ஒரு புனலைக் கவிழ்த்துவிடுவார்கள். புனலின் குழாயில் வாயை வைத்து நோயாளி புகை பிடிக்க வேண்டும். மந்திரம் முடிந்து புனலைத் தூக்கினால் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாய்ப் புழு மிதக்கும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். வீங்கிய கன்னக்காரர்கள் கொஞ்சம் மெதுவாகப் போட்டுக்கொள்வார்கள்.

மஹ்பூபா போய் உட்கார்ந்தார். தந்தானந்தர் வாயைப் பார்க்கவில்லை. டார்ச் அடித்துப் பார்ப்பதெல்லாம் டாக்டர்களின் அற்பப் பழக்கம். அவர் கண்ணை மூடிக்கொண்டு, கீழ்வரிசையில் வலதுபக்கக் கடைவாய்ப் பல்லின் வேர் அழுகிவிட்டது, புழு கூடு கட்டியிருக்கிறது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். புகை வந்தது. மந்திரம் வந்தது. தாம்பாளத்தில் புழுவும் வந்தது.

மஹ்பூபா ஒரு கணம் தயங்கினார். கூட்டத்தில் அவர் கடை வாடிக்கைக்காரர்கள் பலர் இருந்தார்கள். பிறகு விரலை வாய்க்குள் விட்டார். மேல்வரிசையைக் கழற்றினார். கீழ்வரிசையைக் கழற்றினார். இரண்டையும் சாமியாருக்கு முன்னால் வைத்தார். பல் இல்லாத வாயிலிருந்து வார்த்தை பாதி காற்றாக வந்தது. ஆனால் ஒலிபெருக்கி பக்கத்தில் இருந்தது.

"இதுல வேர் எங்க இருக்குது சாமி? காட்டுங்க."

சொல்தாதான் முதலில் வாய் திறந்தார். "பிளாஸ்டிக்லயே புழு எடுத்துட்டாரே. எவ்ளோ பெரிய சக்தி." நாலைந்து பேர் கைதட்டவும் செய்தார்கள். தந்தானந்தருக்கு உயிர் வந்தது. செயற்கைப் பல்லிலும் முன்வினை ஒட்டிக்கொள்ளும் என்று விளக்கத் தொடங்கினார். நம்புவது என்று முடிவு கட்டிவிட்டவனுக்குச் சாட்சி எதிராக வந்தாலும் பிரசாதம்தான்.

மஹ்பூபா மேடையில் இருந்த விதைக் கிண்ணத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து இரும்பில் போட்டார், புனலைக் கவிழ்த்தார், யாரையும் அருகில் விடாமல் காத்திருந்தார். சாமியார் கை நீட்டுவதற்குள் புனலைத் தூக்கினார். தண்ணீரில் புழு மிதந்தது. சூட்டில் வெடித்த விதையின் உள்பருப்பு, சுருண்டு வெள்ளையாகக் கிடந்தது.

"இது யார் வாயில இருந்த புழு?"

தந்தானந்தர் மறுபடியும் முன்வினையைத் துணைக்கு அழைத்தார். முன்வரிசையில் ஒருவன் சிரித்தான். சிரிப்பு பின்வரிசைக்குப் போவதற்குள் கோபமாக மாறியிருந்தது. தந்தானந்தர் சமையல்கட்டு வழியாக ஓடினார். சாம்பார் அண்டாவில் இடறி விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டார். அவர் சொந்தப் பெயர் பக்கிரி என்று போலீஸ் கண்டுபிடித்தது. பிடிபட்டதும் அவர் முதலில் கேட்டது வக்கீலை அல்ல, பல் டாக்டரை.

தில்லையம்மாள் மஹ்பூபாவின் பல்செட்டைக் கழுவிக் கொடுத்தாள். இருவரும் ஆட்டோ பிடித்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அறுவை செய்து பல்லை எடுத்துச் சீழை வெளியேற்றினார்கள். பக்கத்துப் பல்லுக்கு வேர் சிகிச்சை. காப்பீடு ஏற்றுக்கொண்டது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் சீழ் கண்ணுக்கே போயிருக்கும் என்றார் டாக்டர். பல்லை எடுத்தால் பார்வை போகும் என்று பயந்தவளின் பார்வை, பல்லை எடுக்காததால் போக இருந்தது.

மஹ்பூபா பயந்தபடியே கடையில் எல்லாரும் அவர் வாயைத்தான் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, எந்த டாக்டர், காப்பீட்டில் வருமா, கடித்துச் சாப்பிட முடியுமா என்று கேட்டார்கள். அவர் சலிக்காமல் சொன்னார். வியாபாரம் குறையவில்லை.

அடுத்த மாதம் அதே மண்டபத்தில், தலையில் கை வைத்து முடி முளைக்க வைக்கும் மகான் ஒருவர் இறங்கினார். நல்ல கூட்டம் என்று கேள்வி.

பல் போனால் டாக்டர் கட்டித் தருவார். செலவைக் காப்பீடு தரும். யோசிக்கிற வேலையை மட்டும் உங்களுக்காக ஒருவனும் செய்ய மாட்டான். செய்து தருகிறேன் என்று வருகிறவனை, முதலில் அவன் வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள்.