இருநூறு வேப்பங்கன்னும் ஒரு சங்கும்

போன மாசம் ஒரு நாள் எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. நான் மேனேஜரா இருக்கற கல் குவாரிக்கு லைசென்ஸ் புதுப்பிக்கணும். அதுக்காக மூணு மணிக்கு ஆஃபீசர் அம்மா வர்றாங்க. அவங்களுக்கு இருநூறு மரக்கன்னு காட்டணும்.

அவ்ளோதான்.

குவாரி எல்லையை ஒட்டி ஒரு பட்டை நெலத்தை வெடி வைக்காம விட்டு, அதுல மரம் வளர்க்கணும். கல்லு எடுத்து முடிச்ச பள்ளத்தையும் மண்ணு போட்டு மூடி மரம் நடணும். இது கண்டிஷன். நாங்களும் பள்ளத்தை மூடினோம். வருஷா வருஷம் எல்லையில கன்னு நட்டோம். வருஷா வருஷம் ஊர் ஆடுங்க வந்து சாப்ட்டுட்டுப் போச்சு. ஆம்பூர் பக்கம் ஆட்டுக்கறி அவ்ளோ ருசியா இருக்கறதுல எங்க குவாரிக்கும் பங்கு உண்டு.

முதலாளி பாய் ஒரு வாரம் முன்னாடியே கூப்ட்டு சொல்லிட்டாரு. "தம்பி, இந்த மாசத்தோட லைசென்ஸ் முடியுது. கையெழுத்து வரலன்னா கிரஷரை நிறுத்தணும். நாப்பது பேருக்கும் வேலை போச்சு. உனக்கும்தான்."

"பாய், நான் ஆம்பூர் ஷூ கம்பெனில பத்து வருஷம் குப்பை கொட்டுனவன். வெளிநாட்டுக்காரன் ஆடிட்டையே எத்தனை பார்த்திருக்கேன்! கவலையை விடுங்க."

ஷூ கம்பெனில ஆடிட் எப்டி நடக்கும்னு இந்தப் பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும். எல்லாமே அன்னிக்குக் காலைலதான். தரை கழுவறது, மாஸ்க் குடுக்கறது, மருந்துப் பெட்டில மருந்து வெக்கறது எல்லாம். முக்கியமா, ஆடிட்டர் கார் எங்க நிக்குமோ அங்க எல்லாம் பளிச்சுன்னு இருக்கணும். நானும் அதையே செஞ்சேன்.

காலைல எட்டு மணிக்கு வேன் நெறைய வேப்பங்கன்னு வந்து எறங்குச்சு. மண்ணு போட்டு மூடுன பழைய பள்ளம் பின்னாடி இருக்கு. அங்க ஜீப் போகாது. அதனால கேட்டு பக்கத்துல, எல்லையோரமா நடச் சொன்னேன். கண்ணுல பட்டாத்தானே மார்க்கு!

வருஷா வருஷம் நட்டது எல்லையோட அந்தப் பக்கம். இங்க ஒரு சாண் மண்ணு கூட இல்ல. அடில மொத்தமும் பாறை. ரெண்டு பேர் கடப்பாரை எடுத்து குத்துனாங்க. நெருப்புதான் பறந்துச்சு. பத்து மணிக்கு ஒரே ஒரு குழி. அதுவும் இட்லி வேக வெக்கற அளவுக்குத்தான் இருந்துச்சு.

அப்பதான் எங்க டிரில்லர் ஏழுமலை வந்தான். வெடி மருந்து வெக்கறதுக்குப் பாறைல தொளை போடறவன். "இன்னா சார், இதுக்குப் போய் பேஜார் ஆவறீங்க? டிரில் ஓட்டற கம்ப்ரஸரையும் நம்ம பசங்க அஞ்சாறு பேரையும் இஸ்துனு வர்றேன். மத்தியானத்துக்குள்ள இருநூறும் முடிஞ்சிரும்."

"முடியுமாய்யா?"

"இருவது வருஷமா இதான சார் தொழிலு!"

எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. அவன்கிட்ட விட்டுட்டு 'பசுமைப் பகுதி'ன்னு போர்டு அடிக்க ஆம்பூருக்குப் போய்ட்டேன். ஆடிட்னா போர்டு இல்லாமயா?

ஒன்றரை மணிக்குத் திரும்பி வந்து பார்த்தா, நூல் புடிச்ச மாதிரி இருநூறு தொளை. ஒவ்வொண்ணும் அஞ்சடி ஆழம். அகலம்? ரெண்டு வெரலைச் சேர்த்து விட்டா மாட்டிக்கும்.

"ஏழுமலை, இதுல எப்டிய்யா கன்னு நடறது?"

"நடறது உங்க வேலை சார். தொளை போடறதுதான் என் வேலை. அளவுல ஒரு நூல் தப்பிருந்தா கேளுங்க."

தப்பே இல்ல. அதான் தப்பு.

வேற வழி இல்ல. கவரைக் கிழிச்சு, வேர்ல இருந்த மண்ணை உதறிட்டு மொத கன்னை நானே விட்டேன். உள்ள போச்சு. முழுசா போச்சு! அப்பறம் எல்லாத் தொளையிலயும் பாறைப் பொடியை ரொப்பி, மேல கன்னைச் சொருகி நிக்க வெச்சோம்.

ரெண்டே முக்காலுக்கு எல்லாம் ரெடி. போட்டோ எடுத்து பாய்க்கு அனுப்பினேன். "மாஷா அல்லா!"ன்னு பதில் வந்துச்சு.

ஆஃபீசர் அம்மா வந்தாங்க. போர்டைப் பார்த்தாங்க. கன்னுங்களைப் பார்த்தாங்க. குனிஞ்சு ஒண்ணைத் தொட்டாங்க. கையோட வந்துடுச்சு.

தொளையை உத்துப் பார்த்தாங்க. ஒரு தொளையில இருந்து அடுத்த தொளை வரைக்கும் காலால அளந்தாங்க.

"இது யார் போட்டது?"

ஏழுமலை நெஞ்சை நிமித்திக்கிட்டு முன்னாடி வந்தான். "நான்தாங்க மேடம். இருநூறும் அஞ்சடி."

"வெடியே வைக்கக் கூடாத எடத்துல இருநூறு வெடித் தொளையா? செடியைச் சொருகி மறைச்சு வேற வெச்சிருக்கீங்க!"

"ஐயோ மேடம், அது செடிக்குத்தான் மேடம்!"

"வேப்பஞ்செடிக்கு எதுக்கு அஞ்சடி?"

"வேர் நல்லா எறங்கட்டும்னு..." நான் சொல்லி முடிக்கல.

சங்கு ஊதுச்சு.

வெடி வைக்கறதுக்கு முன்னாடி எல்லாரையும் வெரட்டற சங்கு. மேல கூண்டுல இருக்கற வாட்ச்மேனுக்கு இன்ஸ்பெக்ஷன் பத்தி யாரும் சொல்லல. தொளை போட்டாச்சு, ஆளுங்க சுத்தி நிக்கறாங்க, மணியும் தெனம் வெடி வைக்கற மூணரை. அவர் டியூட்டியை அவர் கரெக்டா பண்ணிட்டாரு.

ஆஃபீசர் அம்மா ஃபைலைப் போட்டுட்டு ஓடுனாங்க. டிரைவர் அவங்களுக்கு முன்னாடி ஓடுனான். பழக்க தோஷத்துல எங்க நாப்பது பேரும் ஓடுனாங்க. நான் மட்டும் பின்னாடியே, "வெடி இல்ல மேடம்! செடி மேடம்!"னு கத்திக்கிட்டே ஓடுறேன்.

ஜீப்புக்குப் பின்னாடி மூச்சு வாங்கிக்கிட்டே கேட்டாங்க. "பின்னாடி பழைய பள்ளத்தை மூடி வெச்சிருக்கீங்களே, அங்க மண்ணுதானே? அங்க ஏன் நடல?"

"அங்க ஜீப் போகாது மேடம்."

"நான் நடப்பேன் சார்!"

நாப்பது பேரும் என்னையே பார்த்தாங்க. அவ்ளோ வெக்கமா என் வாழ்க்கையில என்னிக்கும் இருந்ததில்ல. இவங்க பொழப்பை வெச்சு வெளையாடிட்டேனே!

தொளையெல்லாம் சிமெண்ட் போட்டு அடைக்கணும், பள்ளத்து மண்ணுல நடணும், பதினஞ்சு நாள் கழிச்சு திரும்ப வருவேன், அது வரைக்கும் கையெழுத்து இல்லன்னு சொல்லிட்டுப் போனாங்க. மறுநாளே நாப்பது பேரும் சேர்ந்து நட்டோம். ரெண்டே மணி நேரம்! அவ்ளோ பொலபொலன்னு மண்ணு.

சொன்ன மாதிரியே வந்தாங்க. நடந்தே போய் ஒவ்வொரு கன்னையும் இழுத்துப் பார்த்தாங்க. வரல. கையெழுத்து வந்துச்சு.

கூடவே ஒரு புதுக் கண்டிஷனும் வந்துச்சு. ஆடு மேயாம பாத்துக்க பொறுப்பா ஒரு ஆள் வேணும், பேர் எழுதித் தரணும். பாய் யோசிக்கவே இல்ல, என் பேரை எழுதிட்டாரு.

இப்ப தினம் சாயங்காலம் கையில குச்சி, கழுத்துல மேனேஜர் ஐடி கார்டு. ஆடுங்க ரெண்டையும் மதிக்கறதில்ல.