கல்லீரல் இருந்த இடத்தில் மண்ணீரல்

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மருமகன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். சுகமில்லாதவர்கள் ஜாடிக்குள் இருக்கிறார்கள். அத்தைக்கு இடுப்பு வலி தேவலையா?

நேரா விஷயத்துக்கு வர்றேன். வேலை போச்சு. படிப்பைப் பாதியில விட்டவனுக்கு நீங்க நாயா அலைஞ்சு மருத்துவக் கல்லூரி மியூசியத்துல வாங்கிக் குடுத்த வேலை. ஆனா இந்தத் தடவை நான் ஓடி வரலை, துரத்திட்டாங்க. அந்த வித்தியாசத்தை அம்மாகிட்ட நீங்கதான் எடுத்துச் சொல்லணும்.

அங்க எனக்கு, செத்தவங்க உறுப்பை ஊறப் போட்டு வெச்சிருக்கற ஜாடி துடைக்கற வேலை. முதல்ல சாப்பாடே இறங்கலை. அப்புறம் பார்க்கப் பார்க்க ஆசையாயிடுச்சு மாமா! புஸ்தகத்துல கல்லீரல்னா ஒரே படம், பளபளன்னு. அலமாரியில ஒண்ணு சப்பை, ஒண்ணு கோணல், குடிச்சுக் கெட்டது கரடுமுரடா இருக்கு. ஆளுக்கு ஒரு மூஞ்சி இருக்கற மாதிரி உள்ளேயும் ஆளுக்கு ஒண்ணு. படத்தை மட்டும் பார்த்துட்டு ஒருத்தன் வயித்துல எப்படிக் கத்தி வைக்கறது?

பரீட்சைக்கு முன்னாடி அலமாரியைக் கழுவிட்டு, அழகா இருக்கட்டுமேன்னு ஜாடியையெல்லாம் உயரவாரியா அடுக்கிட்டேன். ஜாடியில பேர் இருக்காது, பலகையில நம்பர் மட்டும்தான். பசங்க வந்தாங்க, ஜாடியை ஏறிட்டும் பார்க்காம நம்பரைப் பார்த்தே மனப்பாடம் பண்ணினதை மடமடன்னு எழுதினாங்க. புரொபசரும் பழைய வரிசைப்படியே திருத்தினார். எல்லாருக்கும் முழு மார்க். ஒரே ஒரு பொண்ணுக்கு முட்டை. ஜாடியில மூக்கை ஒட்டிப் பார்த்து எழுதினவ அவ மட்டும்தான்.

"சார், அது மண்ணீரல் சார்."

"நான் வேலைக்குச் சேர்ந்ததுலேருந்து அங்க கல்லீரல்தான்மா இருக்கு."

"ஒரு தடவை வந்து பாருங்க சார்."

"ஏன், கால் முளைச்சு நடந்து போச்சா?"

இன்னொரு தடவை பெயிலானா அவளும் என்னை மாதிரி மூட்டை கட்டணும். வாயை மூடிட்டிருந்தா எனக்கு வேலை மிஞ்சும். வாய் மூடலை மாமா. "நடக்கலை சார், நான்தான் தூக்கிட்டுப் போனேன்"னுட்டேன்.

அவ ஒருத்தி பாஸ். மத்தவங்க எல்லாருக்கும் முட்டை. "உன்னை யாருடா அழகு பார்க்கச் சொன்னது? வெளியே போ!"ன்னார் புரொபசர். போயிட்டேன். ஒரு வாரமா உங்களுக்கு எழுதத் தைரியம் வரலை. லாரி ஷெட், பழைய இரும்புக் கடை, எதுவானாலும் பார்த்துச் சொல்லுங்க. அந்தக் கல்லூரிப் பக்கம் மட்டும் இனி தலைவெச்சும் படுக்க மாட்டேன்.

அத்தைக்கு என் நமஸ்காரம். வாண்டுகளுக்கு முத்தம். திட்டுவதை நேரில் திட்டவும், கடிதத்தில் வேண்டாம், அம்மா படித்துவிடுவாள்.

இப்படிக்கு,
தங்கள் ஆசியையும் அடுத்த வேலையையும் எதிர்பார்க்கும் மருமகன்

பி.கு.: மேலே எழுதினதையெல்லாம் அடிச்சிடுங்க. கவரை ஒட்டப் போனா புரொபசரே வாசல்ல நிக்கறார். பசங்க இப்போ ஜாடியை விட்டு நகர மாட்டேங்கறாங்களாம், கண்ணாடி பூரா மூக்குத் தடமாம். நாளைக்கே வேலைக்கு வரணுமாம். ஒவ்வொரு பரீட்சைக்கும் நான்தான் இடம் மாத்தி வைக்கணுமாம். "எது எங்கேன்னு உங்களுக்கு எழுதித் தந்துடறேன் சார்"னேன்.

"எழுதித் தந்துட்டா நான் எப்போடா பார்க்கறது?"ன்னார்.