டீசல் பம்பும் வைரஸும்

எந்த வருஷத்து மீன்பிடித் தடைக்காலம் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. சண்டையை யார் முதலில் ஆரம்பித்தார்கள் என்பதிலும் சந்தேகம்தான். பாஸ்கரின் விசைப்படகு கடலுக்குப் போக மூன்றே நாள் இருந்தது, அதன் டீசல் பம்பு ராயபுரத்தில் அப்துல் வஹாபின் பட்டறையில் ரிப்பேருக்குக் கிடந்தது. இது மட்டும் நிச்சயம்.

"அந்த கொரோனா வைரஸு சந்தைலேர்ந்துதான் கெளம்புச்சு," என்றார் வஹாப், ஸ்பேனரைத் துடைத்தபடி.

பாஸ்கருக்குச் சுருக்கென்றது. அவர் மனைவி மலர் காசிமேட்டு மார்க்கெட்டில் மீன் விற்கிறாள்.

"இன்னா பாய், சந்தைன்னா அவ்ளோ எளக்காரமா? லேப்ல எவனோ கைதவறி வுட்டுட்டான்."

வஹாபின் முகம் கறுத்தது. அவர் மகள் நவ்ரீனுக்குத் தண்டையார்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை.

"லேப்ப பத்தி பேசற வாயோட இங்க வராத. பம்ப அப்பால பாக்கலாம்."

மறுநாள் சமாதானமாக வஹாபுக்கு மலரிடம் நாட்டுப்படகு இறால் கொடுத்தனுப்பினார் பாஸ்கர். போன வேகத்தில் கூடையோடு திரும்பி வந்தாள்.

"இன்னா சொன்னாரு?"

"சந்தை எறாலு, ரெண்டு தபா சோப்பு போட்டுக் கழுவணும்னாரு. நானும் வுடல. உன் பொண்ணு மொதல்ல கைய கழுவுனாளான்னு கேளுன்னுட்டு வந்துட்டேன்."

முதல் நாளே படகு போகாவிட்டால் டிரைவர் டில்லிபாபுவும் ஆட்களும் வேறு படகில் ஏறிவிடுவார்கள். வாதத்தில் தோற்றுவிடுவது என்று பாஸ்கர் முடிவு செய்தார்.

மூன்றாம் நாள் காலை பட்டறை வாசலில் போய் நின்றார். "பாய், நீ சொன்னதுதான் கரீட்டு. சந்தைதான்."

வஹாப் திடுக்கிட்டார்.

"நானும் ரோசனை பண்ணிகினுதான் இருந்தேன். லேப்தான் போலகீது."

"இன்னாது? பெத்த பொண்ணு வேலை செய்யற எடத்தயே சொல்றியா?"

"நீ மட்டும்? கட்டுனவ யாவாரம் பண்ற எடத்த சொல்லல?"

கட்சி மாறியும் குரல் இறங்கவில்லை. தெருவே வேடிக்கை பார்த்தது.

"சரி பாய், ரெண்டும் வாணாம். யாருக்கும் தெரியாது. போதுமா?"

"தெரியாதுன்னா மூணு நாளா இன்னாத்துக்கு என் பொழப்ப கெடுத்த?" என்று ஷட்டரை இழுத்து மூடிவிட்டார் வஹாப்.

பாஸ்கர் தலையில் கைவைத்து நடந்தார். தெருமுனையில் நவ்ரீனின் ஸ்கூட்டர் வந்து நின்றது. கால் வைக்கும் இடத்தில், சாக்கில் சுற்றிய பம்பு.

"இந்தாங்க மாமா. ரெடியாயி ஒரு வாரமாச்சு. நீங்க கடலுக்குப் போயிட்டா சண்டை போட ஆளில்லன்னு எங்க அத்தாதான் நாள இழுத்துகினு கீறாரு."

படகு குறித்த நாளில் போனது. மலர் அதே மார்க்கெட்டில், நவ்ரீன் அதே லேப்பில் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறை படகு கிளம்பும்போதும், காட்டுப்பள்ளித் துறைமுகம் தாண்டி செல்போன் சிக்னல் அறும்வரை பாஸ்கரும் வஹாபும் போனில் சண்டை போடுகிறார்கள்.